சப்பாத்தி வேலி நடந்த கதை

கையைத் தேய்க்காதீர்கள், ஐயா. சப்பாத்திக்கள்ளியின் சுணை தேய்க்கத் தேய்க்க உள்ளேதான் இறங்கும். கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் தடவி, கத்தி முதுகால் மெல்ல வழித்தால் வந்துவிடும். வேலியை அளக்கப் போகிறவர்கள் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். உங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மஹ்தியா நகருக்குத் தெற்கே எங்கள் பக்கம் எல்லைக்கல் கிடையாது. மண்வரப்பின் மேல் கள்ளி, அது நிற்கிற இடம்தான் எல்லை. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும் என்பதால் யாரும் யார் தோட்டத்தையும் எட்டிப்பார்க்க முடியாது. ஒடிந்து விழும் மடல் எந்தப் பக்கம் வேர் பிடிக்கிறதோ அந்தப் பக்கத்தார் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அண்டை வீட்டார் இருவரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய வேலை இது.

பக்கத்துத் தோட்டத்து மன்னூபியாப் பெரியம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு அவர் பங்கும் என் தலையில் விழுந்தது. பிள்ளை கிடையாது, கணவரும் போய்விட்டார். நான் செய்யாமல் யார் செய்வது? மழை பெய்து மண் இளகியதும் அவர் பக்கம் மடல்களை நடுவேன். அவை நிமிர்ந்த பிறகு என் பக்கத்துக் கிழட்டுக் கள்ளிகளை வெட்டி, முள்ளைச் சுட்டு ஆட்டுக்குப் போடுவேன். இப்படிச் செய்துவந்தால் வேலி நடக்கும், ஐயா. குழந்தை தவழ்கிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாது. வேலியே பயிரை மேய்ந்தது என்று ஊரில் இன்று பேசுகிறார்களாம். பேசட்டும். ஒரு மடலைக்கூட நான் வாடவிட்டதில்லை.

அவருடைய ஆலிவ் மரம் வேலியோரமாக நின்றது. அந்தப் பக்கத்திலேயே அப்படிக் காய்த்த மரம் வேறு கிடையாது. ஒருநாள் அதுவும் என் பக்கம் வந்துவிட்டது. அன்று காலை அவர் கையை நீட்டித் தேடிக்கொண்டு நிற்பது மடல்களின் இடுக்கு வழியே தெரிந்தது.

"முன்ஜி, என் மரத்தக் காணோமேப்பா. கைய வச்சா முள்ளுதான் குத்துது."

"எந்த மரம் பெரியம்மா? பட்டுப்போச்சுன்னு நீங்கதானே வெட்டச் சொன்னீங்க. போன குளிருக்கு அந்த விறகத்தானே எரிச்சீங்க?"

"கண்ணு போனது பத்தாதுன்னு புத்தியும் போயிடுச்சு. கோவிச்சுக்காத மகனே," என்றார். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று என் மனைவி ஹயாத்திடம் சொல்லி அவருக்குச் சூடாகக் கஞ்சி கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் தம்மையே நம்புவதை விட்டுவிட்டார். என்னை நம்பினார். தினமும் கோழிக்கூட்டுக்குப் போக வேலியைக் கோலால் தட்டிக்கொண்டே ஒட்டி நடப்பார். "வழி சரியா இருக்காப்பா?" என்று கேட்பார். "இருக்கு பெரியம்மா," என்பேன். வேலிதான் அவருக்குக் கண்.

இந்த வருஷம் வேலி அவருடைய மழைநீர்த் தொட்டியை நெருங்கிவிட்டது. முன்பு தொட்டி அவர் நடைபாதைக்கு எட்டவே இருந்தது. தரைமட்டத்தில் வாய், அதன்மேல் பலகை. "காலுக்கடியில ஏதோ பலகை தட்டுதே?" என்றார். சேற்றில் வழுக்கிவிடக் கூடாதென்று நான்தான் போட்டு வைத்தேன் என்று சொன்னேன். என் குலத்தையே வாழ்த்தினார்.

பிறகுதான் ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து அவர் தங்கை மகன் ரிதா வரப்போவதாகச் செய்தி வந்தது. இங்கே கால் வைத்ததே இல்லாத பையன். ஆனால் அவர் என்னிடமே சொன்னார்: "அவன் வந்ததும் ஒரு தடவ பாக்கச் சொல்லணும் முன்ஜி. நேத்து உன் பக்கம் ஆலிவ் உதிர்த்தாங்கல்ல, காத்துல அந்தச் சலசலப்பக் கேட்டேன். என் மரத்துச் சத்தம் மாதிரியே இருந்துச்சு. பைத்தியம்னு சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், கள்ளியை ஒரு வாரத்தில் திருப்பி நடக்கவைக்க யாரால் முடியும்? முன்னே போக எத்தனை வருஷம் ஆனதோ, பின்னே வரவும் அத்தனை வருஷம் வேண்டும். உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் மரம் போய்விடும்.

இலையுதிர் காலத்து முதல் மழைக்கு முன் தொட்டியைத் திறந்து வாசலைப் பெருக்கி வைப்பது எங்கள் வழக்கம். எல்லா வீட்டிலும் செய்வார்கள். அவருக்கு நான்தான் செய்து கொடுப்பேன். இந்த முறையும் செய்தேன். பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, என் பக்கம் வந்து காபியுடன் உட்கார்ந்தேன்.

கோல் சத்தம் கேட்டது. "மகனே, வழி சரியா இருக்கா?"

"சரியா இருக்கு பெரியம்மா. வேலிய ஒட்டியே வாங்க."

கத்தவெல்லாம் இல்லை. தண்ணீருக்குள்ளிருந்து என் பெயரைத்தான் கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. முன்பெல்லாம் ரொட்டியும் நெருப்பும் கைமாற, வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. ஆடு புகுந்துவிடுகிறது என்று வசந்தத்தில் அதிலும் கள்ளி நட்டிருந்தேன். தெரு வழியாகச் சுற்றிப் போகலாம்தான். காபி ஆறும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "இதோ வர்றேன் பெரியம்மா," என்று ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். பதில் சொல்லாமல் ஒருமுறைகூட இருக்கவில்லை.

நடுவில் வேலி இருந்தது, ஐயா. நான் என்ன செய்ய முடியும்?