விட்டுக்கொடுக்காத கோல்

உங்கள் காவல் நிலையத்து மேசையின் ஒரு கால் குட்டை, ஐயா. ஓர் அட்டைத் துண்டை மடித்துக் கொடுத்தால் சரியாகிவிடும். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். தூண்டில் கோல் கட்டுகிறவனுக்கு மேசை ஆடினால் பல்வலி வந்த மாதிரி. கோலை மேசைமேல் அழுத்தி உருட்டித்தான் அதன் முதுகு, அதாவது லேசில் வளையாத விறைத்த பக்கம், எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேசை பொய் சொன்னால் கோலும் பொய் சொல்லும். பொய் சொல்ல என் கடையில் நான் ஒருவன் போதும்.

பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள். அதுவும் நியாயம்தான். வெளியே பெஞ்சில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கும் என் மனைவி உங்களிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"சார், இவர் பேச்சையெல்லாம் எழுதினா உங்க பேப்பர்தான் தீரும். கல்யாணம் பேசுறப்பவே, கரடியை வாளியால அடிச்சு விரட்டினேன்னு சொன்ன மனுஷன். அந்தக் கரடி போகட்டும், அந்த வாளியைக்கூட இன்னும் நான் கண்ணால பாக்கல. எங்க அண்ணன் பாறையில வழுக்கி விழுந்துட்டார் சார். விதி. இவருக்குத் துக்கம் தலைக்கேறி என்னமோ உளர்றார்."

அவள் சொன்னதில் வாளி விஷயம் உண்மை. மற்றதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

மச்சானைப் பற்றிச் சொல்கிறேன். என் மனைவிக்கு அண்ணன். நான் அவரை மச்சான் என்பேன். அவர் என்னை மாப்பிள்ளை என்பார். எனக்குப் பல் போய், முடி போய், கண்ணில் புரை எடுத்த பிறகும் மாப்பிள்ளைதான். துறைமுகத்தில் எடைமேடை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு எங்கள் மாடி அறைக்கு வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். என்னுடைய தட்டையும் கழுவுவார். இதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம்.

எங்கள் தெரு முனையில் முடி திருத்தும் கடை இருக்கிறதல்லவா, அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வெட்ட முடி இல்லாவிட்டாலும் போவேன். அங்கேதான் என் மீன் பிறந்தது. ஒருகாலத்தில் துறைமுகத்தை ஒட்டிய வழுக்குப்பாறையில் என் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. அது வாலைத் திருப்பினால் துறைமுகத்தில் கட்டிய படகெல்லாம் தலையாட்டும். தண்ணீருக்கு மேலே வந்து, அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த குமாஸ்தாவை மேலாளர் பார்ப்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு என் கோலை ஈர்க்குச்சி மாதிரி ஒடித்துக்கொண்டு போய்விட்டது. இதுதான் கதை. இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. நான் வாழ்நாளில் பிடித்த பெரிய மீனை ஒரு தோசைக்கல்லில் வைத்தால் கல்லில் இடம் மிச்சம் இருக்கும். கோல் கட்டுகிறவனுக்கு மீன் பிடிக்க நேரம் ஏது. ஆனாலும் அது நான் பெற்ற பொய், ஐயா. கண்ணும் மூக்கும் வைத்து வளர்த்தது. கடையில் கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிடும், நான் அந்தப் பார்வை வரைக்கும் வரும்போது.

மச்சான் வந்தார். கேட்டார். சிரித்தார். கொஞ்ச நாள் கழித்து அவரே சொல்ல ஆரம்பித்தார். முதலில் 'எங்க மாப்பிள்ளை ஒரு மீன் பிடிச்சார்' என்று தொடங்கினார். பிறகு 'நானும் மாப்பிள்ளையும்' ஆயிற்று. அவர் செய்த ஒரே ஒரு மாற்றம், மீனுக்கு ஒரு எடை சொன்னார். அவ்வளவுதான், கடையே நம்பிவிட்டது. எடைமேடைக்காரர் சொன்னால் சும்மாவா? இத்தனை வருடம் நான் கடலையே ஆட்டிக்காட்டியும் நம்பாத ஜனம், கிலோக் கணக்கு சொன்னதும் வாயைப் பிளந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் யாரோ கேட்டார்கள், "அப்ப உங்க மாப்பிள்ளை என்ன பண்ணிட்டிருந்தார்?"

மச்சான் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவரா? கரையில குடை பிடிச்சுக்கிட்டு நின்னார் பாவம். வெயில் அவருக்கு ஒத்துக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். முடி திருத்துபவர் வாடிக்கையாளரின் காதை லேசாக வெட்டிவிட்டார், அவ்வளவு சிரிப்பு. வீட்டில் சொன்னேன். என் மனைவியும் சிரித்தாள். என் சொந்தப் பொய்க்குள்ளேயே எனக்குக் குடை பிடிக்கும் வேலை. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் அப்பனைப் பந்தலுக்கு வெளியே நிறுத்தின கதை.

இதற்காகவா என்று உங்கள் புருவம் கேட்கிறது. ஆமாம், இதற்காகத்தான். பெரிய காரணம் ஏதாவது கண்டுபிடித்துச் சொல்ல எனக்குத் தெரியாததா? வேண்டாமென்றுதான் இதையே சொல்கிறேன்.

வாய்ச் சவடால் விட்டவருக்கு வினை வரத்தானே செய்யும். 'சார், மறுபடி ஒண்ணு பிடிச்சுக் காட்டுங்க' என்று கடையில் பிடித்துக்கொண்டார்கள். மச்சான் என் பட்டறைக்கு வந்து நின்றார்.

"மாப்ள, எனக்கு ஒரு கோல் கட்டிக் கொடு. அன்னைக்கு ஒடிஞ்ச மாதிரி ஒடியக் கூடாது."

"என்னைக்கு மச்சான்?" என்றேன்.

"அதான், அன்னைக்கு" என்றார், கொஞ்சமும் கூசாமல். "ஒடியக் கூடாது, அறுபடக் கூடாது, கைய விட்டும் போகக் கூடாது. உன்னால முடியுமா, இல்ல கடையில வாங்கிக்கட்டுமா?"

முடியும் என்றேன்.

தொழிலில் ஒரு விஷயம் உண்டு, ஐயா. வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டோம். கோல், வளையம், லைன் என்கிற தூண்டில் நரம்பு, கொக்கி, நரம்பைச் சுற்றும் ரீல் எல்லாவற்றையும் நல்லதாகப் போடலாம். ஆனால் எங்காவது ஓர் இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரிய மீன் முரண்டினால் லைன் முடிச்சு முதலில் அறும்படி அளவு பார்த்து வைப்போம். மீனும் பிழைக்கும், கோலும் பிழைக்கும், ஆளும் பிழைப்பான், கதையும் கிடைக்கும். என் கோல்களில் ஏதாவது ஒடிந்தது, அறுந்தது என்று எத்தனை பேர் திட்டியிருக்கிறார்கள் தெரியுமா? அவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்துதான் திட்டினார்கள்.

மச்சானுக்கு அப்படிச் செய்யவில்லை. அவர் கேட்டதை அப்படியே செய்தேன். வளையமும் கைப்பிடியும் பூட்டாத மொட்டைக் கோலை நாங்கள் பிளாங்க் என்போம். வயதானவர்களுக்கு வழக்கமாகக் கண்ணாடி இழையில், சவுக்கு மாதிரி துவளுகிற பிளாங்க்தான் எடுப்பேன். இவருக்கு ஆழ்கடல் படகில் வைப்பதற்கென்று செய்த தடித்த பிளாங்க் எடுத்தேன். ஒற்றைக்கால் வளையத்துக்குப் பதில் இரட்டைக்கால் வளையம். ஒவ்வொன்றையும் கோலோடு சேர்த்துக் கட்ட நூல் இரண்டு சுற்று. கார்க் கைப்பிடி ஈரத்தில் வழுக்கும் என்று, கையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் உறை. நைலான் லைன் அறுந்துவிடுமோ என்று பின்னல் லைன்; கொக்கிக்கு மேலே எஃகுக் கம்பி. கை வலிக்குமே என்று ரீலிலிருந்து தோளுக்கு ஒரு வார். இழுத்தால் படக்கென்று விட்டுவிடும் கிளிப் ஒன்று அதற்கு உண்டு. கோல் கடலில் விழுந்துவிட்டால் மச்சான் வருத்தப்படுவாரே என்று திருகாணி வைத்த கிளிப்பாகப் போட்டேன். அதைக் கழற்ற நிதானமும் இரண்டு கையும் வேண்டும். எல்லாமே அவருடைய நன்மைக்காக. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், எந்த நீதிமன்றத்திலும் நான் பதில் சொல்வேன்.

சோதித்துப் பார்க்கத் தோட்டத்துச் சுவரில் கட்டி இழுத்தேன். சுவர் வந்தது. இது பொய். ஆனால் இரும்புக் கதவின் கீல் கழன்றது, அதை நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

அதோ மூலையில் அடையாளச் சீட்டுக் கட்டி நிறுத்தியிருக்கிறீர்களே, அதுதான் அந்தக் கோல். மீன்பிடிப் படகுக்காரர்கள் மச்சானின் உடலைக் கடலிலிருந்து ஏற்றும்போது வார் தோளில் மாட்டியபடியே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எடுத்துப் பாருங்கள். ஒரு கீறல் உண்டா? ஒரு வளையம் கோணியிருக்கிறதா? 'கோலில் எந்தக் குறையும் இல்லை, ஆகவே விபத்து' என்று உங்கள் ஆள் குறித்திருக்கிறார். அங்கேதான் ஐயா தப்பு. கோலில் ஒரு குறைகூட இல்லை என்பதுதான் குற்றமே. எதுவும் விட்டுக்கொடுக்காத இடத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? பாறையில் பாசி. அதன்மேல் என் மச்சான்.

"பெரியவரே, இதுக்கெல்லாம் யாராவது ஜெயிலுக்குப் போவாங்களா? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்கிறீர்கள். உங்கள் பெருந்தன்மை. ஆனால் முடி திருத்தும் கடையில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அந்தப் பழைய மீன் திரும்பி வந்ததாம். கணக்குத் தீர்க்க அவரைத் தேடி வந்ததாம். அவருடைய படத்தைக் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். என் நாற்காலிக்கு நேர் எதிரே. மீனுக்கும் பெயர், மச்சானுக்கும் பெயர். கோல் கட்டியவன் யார் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. இதனால்தான் வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மனசாட்சி உறுத்தியது, வந்தேன்.

உண்மையில் அன்று மச்சானுக்கு மாட்டிய மீன் நடுத்தரம்தான். லைன் தொய்ந்ததும் கொக்கியை உதறிக்கொண்டு போய்விட்டது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? பார்த்தேன். நானும் பாறையில்தான் இருந்தேன். என் மனைவிக்கு இது தெரியாது. பட்டறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மச்சான் சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். "மாப்ள, பாத்தியா, வந்துட்டான் பாத்தியா!" பிறகு அலை பின்வாங்கியபோது கால் ஓர் அடி நகர்ந்தது. இன்னொரு அடி. ஒரு கையால் கிளிப்பைத் தடவினார். திருகாணி. மறு கையை எடுத்தால் கோல் அவரை முன்னால் சாய்த்தது.

"மாப்ள, லைனை அறு."

"இருங்க மச்சான்" என்றேன்.

"விளையாடாத மாப்ள, தங்கச்சி மேல ஆணையா பயமா இருக்கு. அறுடா."

முதல் தடவையாக என்னை டா போட்டார். நான் பக்கவாட்டில் இரண்டு அடி நகர்ந்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால்தான் கோலின் வளைவு முழுதாகத் தெரியும். நுனியிலிருந்து அடிவரை, எங்கும் முறியாமல், எங்கும் தயங்காமல், ஒரே வளைவு. வளையங்கள் எல்லாம் நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசை. முதுகை நான் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன். என் தொழிலில் அப்படி ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அலை வரும் வரைக்கும். நான் அவரைப் பார்க்கவில்லை.

இப்போது பேனாவைத் திறக்கிறீர்கள். நல்லது, மெதுவாகவே எழுதுங்கள். நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆமாம், கத்தி என் கையில்தான் இருந்தது, விரித்தபடியே இருந்தது. ஆனால் அது நூல் நறுக்குகிற மெல்லிய கத்தி, ஐயா. பின்னல் லைனில் வைத்தால் அதன் கூர் அன்றோடு போய்விடும். அதைத் தவிர என் மனசில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.