சுவருக்குக் கட்டிய கயிறு

காசிமேட்டில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் பேருந்தில் என் முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் போட்ட சத்தத்தில் மடியிலிருந்த என் குழந்தை விழித்துக்கொண்டது. இடம் மாறலாமா என்று யோசித்து, மாறாமலே இருந்தேன்.

“கரையோரம் கீற அந்தப் பழைய சுவரு வெள்ளக்காரன் கட்னதுன்னு நான்தான்டி சொல்லித் தொலைச்சேன்.”

“யாராண்ட?”

“ஊரு வரலாறு கேட்டுகினு ஞாயித்துக்கெழம கூட்டமா வராங்களே, அவங்களாண்ட. இப்போ அவனுங்க சுவர சுத்தி கயிறு கட்டிட்டு, வலை காயப்போடக் கூடாதுன்றானுங்க.”

“அடப்பாவி! பின்ன எங்க காயப்போடறதாம்?”

“அதான் கேட்டேன். பாக்க வர்றவங்களுக்கு நம்ம வலை கலீஜா கீதாம். ஈர வலைய வூட்டுக்குள்ள போட்டு வச்சிகீறேன், நாறுது. இதுல அடுத்த வாரம் அவங்களுக்கு நான் கடலப் பத்திச் சொல்லணுமாம்.”

“வாயத் தொறக்காதக்கா. அதுக்கும் கயிறு கட்டிடுவானுங்க.”