லூர்துபிரகாஷின் பதினேழு குமிழ்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் மெல்லிசைக் கலைஞர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் லூர்துபிரகாஷின் துணைவியார் சகோதரி அகஸ்டினா அவர்களே, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருக்கும் தோழர்களே! பேஸ் கிட்டார் ஹரிகிருஷ்ணன் பேசுகிறேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

‘கிட்டார் மாமணி’ லூர்துபிரகாஷ் போய் இன்றோடு முப்பது நாள். ஐம்பத்திரண்டு சாகிற வயதா? காலையில் பல் தேய்க்கப் போனவன் விழுந்தான், அவ்வளவுதான்!

முதலியார்பேட்டையில் அவன் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்குத் தெரியும். கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெடல்களைப் பையில் போட்டுக்கொண்டு லாஸ்பேட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். யாரையாவது போ என்றானா? ஒருவன் பெடலை இன்னொருவன் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கோர்த்து, இது முன்னே அது பின்னே என்று மாற்றி மாற்றிக் கேட்பான். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருப்பான். “கை காஞ்சி போச்சி, எழுந்து கழுவுங்க!” என்று அகஸ்டினா உள்ளேயிருந்து சத்தம் போடுவார்.

பிள்ளைச்சாவடித் திருவிழாவில் நமக்குப் போட்டிக் குழுவின் ஆம்ப் புகைந்துபோனது. தன் ஆம்பையே தூக்கிக் கொடுத்தான்! எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. அவன் கூட்டத்தோடு போய் நின்று கேட்டான். வரும் வழியில், “டேய் அரி, என் ஆம்ப இன்னைக்கிதான் எதிர்ல நின்னு கேட்டேன். சளி புடிச்சவன் பேசற மாதிரி இருக்குதுடா” என்றான். அன்றிலிருந்து ஆறு வருடம் ஒரு சத்தத்தைத் தேடினான். ஆம்பில் ஆறு குமிழ், நாலு பெடலில் பதினொன்று. நாள் தவறாமல் திருகினான்.

ஒருநாள் போன் செய்தான். “கெடைச்சிடுச்சிடா. வந்து கேளு.”

போனேன். ஒரே ஒரு சுரம்தான் தட்டினான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. அகஸ்டினா கரண்டியும் கையுமாக வந்து நின்று அழுதார். ஏன் அழுகிறோம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. போனில் பதிந்துகூடப் பார்த்தார். அதில் கொசு கத்துவது போல இருக்கிறது. எந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று எழுதி வைத்தோமா? அவன்தான் இருக்கிறானே, எதற்கு எழுதுவது!

அதிலிருந்து பத்தாம் நாள் போய்விட்டான்.

உடலைக் கூடத்தில் வைக்க வேண்டும். நடுக்கூடத்தில் ஆம்பும் பெடல்களும். நான்தான் நகர்த்தினேன். தோழர்களே, ஆம்பைத் தூக்குமுன் குமிழ்களையெல்லாம் ஜீரோவுக்குத் திருக வேண்டும், இல்லையென்றால் அடுத்த இடத்தில் சுவிட்சைப் போட்டதும் அலறி ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்பது நம் குழுவின் சட்டம். போட்டவன் அவன். “ஜீரோ பண்ணாம எவன்டா தூக்கினது?” என்று என்னையே எத்தனை தடவை திட்டியிருக்கிறான்! முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போனது. அழுதுகொண்டே ஒவ்வொன்றாக, ஒழுங்காக, பதினேழையும் ஜீரோவுக்குத் திருகினேன். பெடல் குமிழ்களையும் ஏன் திருகினேன்? பாவி நான்!

அடக்கம் முடிந்த மாலை அகஸ்டினா கேட்டார். “அண்ணா, முப்பதாம் நாளு அந்த சத்தத்துல ஒரு தபா வாசிங்கண்ணா. எனக்கு அது போதும்.” சரிம்மா என்றேன். அப்புறம்தான் போய் ஆம்பை மூடியிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தேன், எல்லாக் குமிழும் ஜீரோ!

அன்றிலிருந்து தினமும் திருகுகிறேன். அதே கிட்டார், அதே ஒயர். வரவில்லை. சத்தம் பெட்டியில் இல்லை, விரலில் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்கள். விரலைத்தான் புதைத்துவிட்டோமே ஐயா! மிச்சமிருந்தது இந்தப் பெட்டிகள். அதையும் துடைத்துப்போட்டவன் நான்.

அகஸ்டினா, அந்தச் சத்தம் இல்லையம்மா. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் ஊரைக் கூட்டி வைத்துச் சொல்கிறேன். இன்று வாசிக்க மாட்டேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். எப்படித் தொடர்வது? நாளைக்கே அது கிடைத்தாலும் இதுதான் என்று சொல்ல அவன் வருவானா? அதைக் கேட்ட காது இன்னும் இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. என் காதை நான் நம்பவில்லை. நீ வந்து உட்காரம்மா. “இது இல்லண்ணா” என்று நீ சொல்லச் சொல்ல நான் திருகிக்கொண்டே இருக்கிறேன். வேறு உறுதிமொழி என்னிடம் இல்லை.