நட்சத்திர ஆமைகளை ஏரியில் விட்டது பற்றி

எங்கள் அபார்ட்மென்டில் நாய் வளர்க்கக் கூடாது, சார். சங்கத்துச் செயலாளர் சீனிவாசராகவன் என்று கையெழுத்துப் போட்டு அந்த விதியை ஒட்டியவனே நான்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் அதிகம், குரைப்பு ஆகாது. பிள்ளைகள் அழுதார்கள். 2003இல் யாரோ சிவாஜிநகரிலிருந்து முதுகில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட ஆமை ஒன்றை வாங்கி வந்தார்கள். குரைக்காது, முடி உதிராது, வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்று கடைக்காரன் வேறு சொன்னானாம். இரண்டே மாதத்தில் ஃப்ளாட்டுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது.

ஆனால் ஆமை பந்தை எடுத்து வராதே. பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். சோபாவுக்கு அடியில் அது கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், வாயில்லா ஜீவன். அதனால் இன்னொரு அறிவிப்பு ஒட்டினேன்: வேண்டாத ஆமைகளைச் செயலாளரிடம் ஒப்படைக்கலாம், ஞாயிறு காலை பின்பக்க ஏரியில் விடப்படும். ஆழமான மதகுப் பக்கம் நின்று ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விடுவேன். ஒரேயடியாக முழுகிப் போகும். "பாத்தேளா, திரும்பிக்கூடப் பாக்கலை, அவ்வளவு சந்தோஷம்" என்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். மனசு லேசான பெற்றோர் மறுவாரமே புதிதாக ஒன்று வாங்கி வந்தார்கள்.

கூடையில் ஆமைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதே என்று கண்டிக்கத்தான் ஒரு சனிக்கிழமை சிவாஜிநகர் கடைக்கார நாகேஷிடம் போனேன். பேச்சுவாக்கில் ஏரியைப் பற்றிச் சொன்னேன்.

"ஏரியிலயா வுடுறீங்க? அய்யோ சாமி! அது புதர்க்காட்டுல புல்லு மேயுற ஜாதி சார். நீஞ்சத் தெரியாது. தண்ணில போட்டா கல்லுதான்." பிறகு சிரித்தான். "வுடுங்க, வுடுங்க. கோலார் பக்கம் காடே காலி. இப்ப ஆந்திராலேந்து மூட்டையில வருது. உங்க அபார்ட்மென்டுக்கே பத்த மாட்டேங்குது."

அன்று இரவு, அதுவரை விட்டவற்றை எண்ணிப் பார்த்தேன். மறுநாள் காலை, மூன்றாவது மாடி ரக்ஷா, ஆறு வயது, ஷூ பெட்டியில் தன் ஆமையோடு ஏரிக்கரையில் காத்திருந்தாள். சுற்றிலும் இருபது பேர்.

"அங்கிள், அங்க பட்டுவுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருப்பாங்களா?"

"நாப்பத்தோரு பேர் இருக்கா, கண்ணா" என்றேன்.

பட்டு கழுத்தை நீட்டி என் விரலை முகர்ந்தது. விட்டேன். கை தட்டினார்கள்.

அப்புறம் எட்டு மாதம், ஒரு ஞாயிறும் தவறவில்லை. சங்க மலரில் என் படம் வந்தது. பக்கத்து அபார்ட்மென்ட்காரர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்தக் கோடையில் ஏரி வற்றாமல் இருந்திருந்தால் உங்கள் வனத்துறைக்கும் இந்தச் சிரமம் இல்லை. சேற்றிலிருந்து நூற்றுப் பதினேழு ஓடுகள் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நூற்று இருபத்து மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள். நான் ஒன்றையும் மறைக்கிறவன் இல்லை.

தெரிந்த அன்றே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நிறுத்தியிருந்தால், அதுவரை விட்ட ஆமைகளையெல்லாம் நான் கொன்றதாக ஆகிவிடுமே, சார்.