கெபிக்கு உடையாத கதவு

— அந்த ஓரத்தை அழுத்திப் பிடி, ஸ்தமாத்தா. துள்ளுது பாரு.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சாப்பிடற மேசைதான் கிடைச்சுதா உனக்கு, சரந்தோஸ்? முற்றத்துல வெச்சு அறுத்தா என்ன?

— முற்றத்துல காத்து. தூள் கண்ணுல அடிக்கும். ஏய், ஒட்டியிருக்கற தாளை உரிக்காதேன்னு சொன்னேன்ல. அறுத்து முடிச்சப்புறம்தான் உரிக்கணும், இல்லைன்னா கீறல் விழும்.

— காலையில கத்தியால கோடு போட்டுக்கிட்டு இருந்தியே.

— கண்ணாடி மாதிரி கோடு போட்டு மடக்கினா டக்குனு வந்துடும்னு நினைச்சேன். வளையுது, உடைய மாட்டேங்குது. போன் பண்ணிக் கேட்டா கடைக்காரன் சிரிக்கிறான். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டை அப்படியெல்லாம் உடைக்க முடியாதாம். எனக்கு வேண்டியதும் அதுதானே, கெபியோட கண்ணாடிக் கதவை எவனோ மூணு தடவை உடைச்சுட்டானே.

— ரம்ப மெஷினை மெதுவா ஓட்டு. நாத்தம் வருது.

— வேகமா ஓட்டினா சூட்டுல உருகிப் பல்லுல ஒட்டிக்குது, சனியன். இந்தா, இந்தப் பக்கம் முடிஞ்சுது.

— கெபிக்குக் கதவே இல்லாம விட்டுட்டா என்ன?

— காத்துல விளக்கு அணைஞ்சுடும். நம்ம பையன் இலியாஸ் உயிரோட வீடு வந்து சேர்ந்ததுக்காகப் ரோட்டோரத்துல புனிதருக்குக் கட்டின குட்டிக் கோயில் அது. அதுல விளக்கு அணையலாமா? என்ன பேசறே நீ?

— எதிர்ப்பக்கம் மர்கெல்லாவோட கெபியில எரியுது.

— எரியட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? ஒரே பைக்குலதான் போய் அந்த வளைவுல விழுந்தாங்க. ஓட்டினது நம்ம பையன், பின்னாடி உக்காந்தது மர்கெல்லா. அவ போயிட்டா, இவன் பிழைச்சான். அதுக்கு ஒரு நன்றி சொல்லக்கூடாதா? இந்த ரோட்டுல வளைவுக்கு வளைவு கெபி கட்டி வெச்சிருக்காங்க பாரு, செத்தவங்களுக்கு மட்டுமா? பிழைச்சவங்களுக்கும்தான்.

— ரீனி நேத்து நம்ம விளக்குக்கும் எண்ணெய் ஊத்தினா.

— யாரு, மர்கெல்லாவோட அம்மாவா? நீ பாத்தியா?

— பாத்தேன். பொண்ணோட விளக்குல ஊத்தினா. பாட்டில்ல கொஞ்சம் மிச்சம் இருந்தது. ரோட்டைத் தாண்டி வந்து நம்மளதுல ஊத்தினா. திரியைத் தூண்டி விட்டுட்டு, சிலுவை போட்டுக்கிட்டுப் போனா. அவங்க மரத்து ஆலிவ் எண்ணெய்.

— அப்ப உடைச்சது அவ இல்லை. அவ புருஷன்தான். கோஸ்மாஸைத் தவிர வேற எவன் மூணு தடவை வந்து கண்ணாடியை உடைப்பான்? இதை மாட்டிட்டு நேரா காப்பிக்கடைக்குத்தான் போறேன். ஊர் முன்னாடி அவனைக் கேக்கப் போறேன்.

— கேக்காதே.

— கேப்பேன். பொண்ணைப் பறிகொடுத்தவன்னு எத்தனை நாள்தான் பொறுத்துக்கறது?

— அவன் இப்பத்தான் காப்பிக்கடைப் பக்கம் வரவே ஆரம்பிச்சிருக்கான். சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நீ கேட்டா அதோட வீட்டுக்குள்ளேயே கிடப்பான்.

— கிடக்கட்டும். பென்சிலை எடு, துளைக்குக் குறிக்கணும். திருகாணியைவிடத் துளை கொஞ்சம் பெருசா இருக்கணுமாம், வெயில்ல விரியும். குறி ஏன் கோணலா விழுது?

— மெஷின் ஆடுது.

— மெஷினை நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு.

— இலியாஸ் அந்த வளைவு வழியாப் போறதே இல்லை, தெரியுமா? தோப்புக்கு மலையைச் சுத்திக்கிட்டுப் போறான்.

— சின்னப் பையன். சரியாயிடுவான்.

— எனக்கு ஒண்ணும் தோணலை, சரந்தோஸ். பையன் சாப்பிடறான், தூங்கறான், எதிர்ல நடமாடறான். சந்தோஷமா இருக்கணும்னு தெரியுது, வரலை. அழுகையும் வரலை. உள்ளுக்குள்ள மரத்துப் போச்சு. அந்த விளக்கைப் பாக்கறப்ப மட்டும் என்னமோ ஆகுது.

— என்ன ஆகுது?

— ரீனியோட பொண்ணு செத்த எடத்துல, என் பையன் பிழைச்சதுக்கு விளக்கு எரியுது. அதுக்கு அவளே எண்ணெய் ஊத்தறா.

— அவளுக்கு நல்ல மனசு. அவ புருஷனுக்கு அந்த மனசு இல்லை. என் கோட்டு எங்கே? மாட்டறது அப்புறம் இருக்கட்டும், முதல்ல அவனைப் பாத்துட்டு வரேன்.

— உக்காரு. கோஸ்மாஸ் இல்லை. மூணு தடவையும் கல்லெடுத்து அடிச்சது நான்தான்.