தொண்டைக்குள் இறங்கிய முதல் வாய்

தலைமை நாற்காலிக்குத் தன் தகுதியால் பெருமை சேர்த்து அமர்ந்திருக்கும் நரம்பியல் மருத்துவர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, கைத்தடியை ஊன்றியும் கணவரின் தோளைப் பற்றியும் படியேறி வந்த என் தாய்மார்களே, பக்கவாதம் பிடித்துத் தள்ளியும் படுத்துவிடாத பெருமக்களே, அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பாதித் தூக்கத்துக்குப் பழகிப்போன குடும்பத்தினரே, உங்கள் அனைவருக்கும் விழுங்கும் பயிற்சி தரும் இந்தச் சகோதரியின் வணக்கம்.

மூளையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எதைப் பேசுவது? நினைவையும் நெடுநாள் கனவையும் சுமக்கும் பெருமூளையைப் பேசவா? நடக்கையில் நாம் தள்ளாடாமல் தாங்கும் சிறுமூளையைப் பேசவா? இரண்டுக்கும் அடியில், கட்டைவிரல் பருமனில், மூளையைத் தண்டுவடத்தோடு முடிந்து வைத்திருக்கும் மூளைத்தண்டைப் பேசவா? அந்தச் சின்னத் தண்டையே நான் பேசுகிறேன். பெரியவரைப் பேசத்தான் பல பேர் இருக்கிறார்களே.

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. முகர முதலாவது. பார்க்க இரண்டாவது. விழியை உருட்ட மூன்றும் நான்கும் ஆறும். கன்னத்தில் பட்ட முத்தத்தை உணரவும், கடித்து மெல்லவும் ஐந்தாவது. முகம் மலர ஏழாவது. கேட்கவும், கீழே விழாமல் நிற்கவும் எட்டாவது. விழுங்குவதற்கு ஒன்பதும் பத்தும். அந்தப் பத்தாவது இருக்கிறதே, அது குரலுக்கும் ஆள், இதயத்துக்கும் ஆள், இரைப்பைக்கும் ஆள். தோளைத் தூக்கப் பதினொன்று. நாக்கைப் புரட்டப் பன்னிரண்டு.

அங்கே ஓர் அண்ணன், "எங்க வீட்டுல பன்னிரண்டாவதுதான் ஓயாம ஓடுது" என்கிறார். அண்ணி பக்கத்திலேயே இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள் அண்ணே.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலை உணவுக்கூடத்தின் தலைமைச் சமையல்காரர் அவர். கரண்டியை வாயில் வைக்காமலே உப்பின் அளவைச் சொல்லிவிடுவார்; அதனால் எல்லோருக்கும் அவர் 'உப்பண்ணன்'. ஒரு நாள் அடுப்படியில் தலை சுற்றி விழுந்தார். மூளைத்தண்டின் அடிப்பகுதியை முகுளம் என்போம். அதன் இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை பிழைத்தது, கால் பிழைத்தது, நினைவு பிழைத்தது. ஒன்பதும் பத்தும் ஒரு பக்கம் ஓய்ந்துபோயின. குரல் கரகரத்தது. எச்சில்கூட உள்ளே இறங்கவில்லை. ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்டவருக்கு, மூக்கில் செருகிய குழாய் வழியே சாப்பாடு.

பயிற்சிக்கு அழைத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவர் மனைவி துணிக்கடையில் தைப்பவர். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, நாளெல்லாம் கட்டிலருகே இருந்தார். நாளுக்கு நாள் இளைத்தார்.

ஒரு மதியம் நான் அந்த அறையில் இருந்தபோது, அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். சமையல்காரர் தலையைத் தூக்கினார்.

"எங்க போயிருந்த?"

"மாத்திரை வாங்கத்தாங்க."

"மாத்திரையில முட்டை வாசம் வருமா?"

முதலாவது நரம்பு முழு நலத்தோடு இருந்ததால் வந்த வினை அது. அம்மா தலைகுனிந்தார். "நீங்க ஒரு வாய் தண்ணிக்கு வழியில்லாம கிடக்கிறப்ப, உங்க முன்னால நான் எப்படிங்க சாப்பிடுவேன்? படிக்கட்டுக்குக் கீழ நின்னு ரெண்டு வாய் போட்டுட்டு வந்தேன்."

"நின்னுக்கிட்டா சாப்பிட்ட?"

அவ்வளவுதான் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு, "டப்பாவ எடு. இங்க உக்காந்து சாப்பிடு. நான் பாக்கணும்" என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே சாப்பிட்டார். அவர் ஒவ்வொரு வாயையும் பார்த்தார். டப்பா காலியானதும் என் பக்கம் திரும்பினார். "மேடம், அந்தப் பயிற்சியச் சொல்லிக் குடுங்க. இவளத் தனியா சாப்பிட விடக்கூடாது."

அன்று தொடங்கினார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினார். அடிக்குரலிலிருந்து உச்சிக்குரலுக்கு ஏறினார். வெறும் வாயை விழுங்கி விழுங்கிப் பழகினார். இருமினார், திணறினார். இடையில் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, எல்லாம் நின்றுபோனது. அவர் சோர்ந்தபோது அம்மா சொன்னார்: "அவசரம் ஒண்ணும் இல்லீங்க. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."

அவையோரே, மருந்துக் கடையில் கிடைக்குமா இந்த வார்த்தை? மருத்துவ நூலில் இருக்குமா இந்த மருந்து?

கடைசியில், அவர் விழுங்குவதை எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்து, இனி முயன்று பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஒரு கரண்டி கெட்டித் தயிர் எடுத்தேன். "அண்ணே, தாடையை நெஞ்சுப் பக்கமா இறக்குங்க. பலம் குறைஞ்ச பக்கமா முகத்தைத் திருப்புங்க. அந்தப் பக்கத்து வழி அடைபடும், நல்ல பக்கமா உணவு இறங்கும்."

பலம் குறைந்தது இடப்பக்கம். அங்கேதான் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். விழுங்கினார். இருமல் இல்லை. நாங்கள் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தோம். "இறங்கிடுச்சு" என்றார். அந்த அம்மா அவர் தொண்டையில் கைவைத்து, "இன்னொரு வாய்ங்க" என்றார்.

குழாய் போய்விட்டது. உணவுக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். இன்றும் அப்படித் திரும்பித்தான் விழுங்குகிறார். மதியம் அம்மா கடையிலிருந்து வந்து அவருக்கு இடப்பக்கம் உட்காருகிறார். கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா? "என்னண்ணே, வாய்க்கு வாய் அண்ணிய பாக்கணுமா?" என்று கேட்கிறார்கள்.

"டாக்டர் சொல்லியிருக்காங்கப்பா" என்கிறார்.

நோயாளிக்குத் துணையிருப்போரே, உங்கள் பசியை மறைக்காதீர்கள். உங்கள் தட்டை ஒளிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் திரும்பும் திசையில் உங்கள் முகம் இருக்கட்டும்.

இவ்வளவு நேரம் எட்டாவது நரம்பை எனக்கு இரவல் தந்த உங்களுக்கு நன்றி. என் அன்பான வணக்கம்.