வீட்டுக்கணக்கில் மாமன் மகன்

எண்பதுகளில் கத்தரிக்காய்க் கூடையோடு டி. கல்லுப்பட்டியிலிருந்து மதுரைக்குக் காலை பஸ்ஸில் போவேன். இப்போதும் அந்த ரோட்டில் போனால் ஒரு பேச்சு நினைவுக்கு வரும்.

அன்று பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பொண்ணு. மடியில் கணக்கு நோட்டு. கூடப் படிக்கிற பையன் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

“உனக்கு நீயே கட்டிக்கிற முறை ஆக முடியுமா?” என்றான்.

“கிறுக்கா உனக்கு? வீட்டுக்கணக்கச் சொல்லு.”

“அதத்தான் சொல்றேன். உறவப் பத்தித்தான கணக்குல கேட்டிருக்கு? முறையவே உறவா வச்சுக்க. உனக்கு நீயே முறை ஆக முடியாது, அதனால ரிஃப்ளெக்சிவ் இல்ல. நான் உனக்கு முறைன்னா நீயும் எனக்கு முறை. ரெண்டு பக்கமும் செல்லும். அதுதான் சிமெட்ரிக்.”

“ஆசதான். எங்க மாமா மகன்னு வையி.”

“சரி, மாமா மகன். அவரு உனக்கு முறைன்னா நீயும் அவருக்கு முறை. எழுது.”

அவள் எழுதவில்லை. பஸ் திருமங்கலம் தாண்டியது.

“அவருக்குத்தான் என்னையப் பொண்ணு கேட்டு வந்திருக்காக. இந்தக் கணக்குல வேணாம்னு சொல்ல எடமே இல்லையே.”

“கணக்குல இல்ல.” பையனின் குரல் இறங்கிவிட்டது. “வீட்டுல சொல்லிப் பாரேன், படிப்பு முடியட்டும்னு.”

“நேத்தே சொல்லிட்டேன்.”

“ஐயையோ! உங்கய்யா என்ன சொன்னாக?”

“ஒண்ணும் பேசல. காலையில அவரே வந்து காலேஜுக்குப் பஸ் ஏத்திவிட்டாரு.”

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். பசுமலையில் இறங்கும்வரை அவன் கணக்கே சொல்லவில்லை.